நான்காம் நாள்: துக்கத்திலிருந்து வேலைக்குத் திரும்புவோரும் நமது கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டறிக்கையும் வரவு செலவும் வாசிக்கப்பட்ட இந்த அவையில், எந்த அறிக்கையிலும் இடம்பெறாத ஒரு செய்தியைப் பேச விழைகிறேன். நம் மஹல்லாவில் ஒரு வீட்டில் மவ்த்து நேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்யப்படுகிறது. சந்தூக் புறப்படுகிறது. குளிப்பாட்டுவதற்கும் கஃபன் தைப்பதற்கும் ஆள் வந்துவிடுகிறது. மையவாடியில் குழி தயாராகிறது. அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை; பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வருகிறது. மூன்று நாட்கள் வரையில் வாசலில் நாற்காலிகள் கிடக்கின்றன. வருவோர் வந்த வண்ணம் இருக்கின்றனர். இது நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற சீரிய ஒழுங்கு.

நான்காம் நாள் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். இறந்தவருடைய மகன் உக்கடத்திலுள்ள கடைக்கோ, பீளமேட்டிலுள்ள பட்டறைக்கோ, திருப்பூரிலுள்ள பனியன் கம்பெனிக்கோ புறப்படுகிறான். ஜமாஅத்தின் பார்வை அந்த வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. அவன் அன்றைக்குப் பத்து மணி நேரம் நிற்கப்போகும் இடத்தில் அவனுக்கு என்ன நேர்கிறது என்பதை நாம் கேட்பதில்லை. அந்த நான்காம் நாளைப் பற்றியதே என் உரை.

இதை இந்த அவையில் பேசுவதற்குக் காரணம் உண்டு. இங்கே அமர்ந்திருப்போரில் துணிக்கடை உரிமையாளர்கள் இருக்கிறீர்கள். மரக்கடை, இரும்புக்கடை, உணவகம் நடத்துவோர் இருக்கிறீர்கள். நான்கு லேத்துகளை வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்யும் குறுந்தொழில் முனைவோர் இருக்கிறீர்கள். அந்தக் கடைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்பவர்களும் இதே பாயில் தோளோடு தோள் சேர்ந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே இருதரப்பாருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல முடிகிறது.

துக்கம் வேலைத்தலத்துக்கு வந்த வரலாறு

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 629இல், மூத்தா போர்க்களத்தில் ஜஃபர் (ரலி) அவர்கள் உயிர் நீத்தார்கள். அந்தச் செய்தியுடன் நபி (ஸல்) அவர்கள் அவருடைய இல்லத்துக்குச் சென்ற வேளையில், அவருடைய துணைவியார் அஸ்மா (ரலி) அவர்கள் தோல்களைப் பதனிட்டு, மாவும் பிசைந்து முடித்திருந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. உழைத்துக்கொண்டிருந்த கைகளுக்கு நடுவே வந்து சேர்ந்த துக்கச் செய்தி அது. நபி (ஸல்) அவர்கள் பிள்ளைகளை அருகே அழைத்து அணைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கண்கள் கலங்கின. அக்குடும்பத்தார் தம் வேலையைக் கவனிக்க இயலாத நிலையில் இருப்பதால் அவர்களுக்கு உணவு சமைத்து அனுப்புமாறு பணித்தார்கள்.

இன்று நாம் மவ்த்து வீட்டுக்குச் சோறு அனுப்புவதற்கு ஆதாரம் இந்த நிகழ்ச்சியே. இதிலுள்ள காரணத்தைக் கவனியுங்கள். துக்கத்தில் இருப்பவரால் தம் வழக்கமான வேலையைச் செய்ய இயலாது. ஆகவே அந்தச் சுமையை மற்றவர்கள் ஏற்க வேண்டும் என்பதே அது. இந்தக் காரணம் அடுப்பங்கரைக்கு மட்டும் பொருந்தி, கல்லாப்பெட்டிக்கும் கடைசல் இயந்திரத்துக்கும் பொருந்தாமல் போகுமா?

துக்கம் என்ன செய்கிறது?

நெருங்கியவரை இழந்த ஒருவருக்குப் பல வாரங்கள் உறக்கம் சரியாக வராது. பசி குறையும். சொன்னது நினைவில் நிற்காது. கணக்கில் பிழை வரும். சிறு சொல்லுக்கும் கண் கலங்கும்; அல்லது சினம் மூளும். இதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ எண்ணிவிடக் கூடாது. பஞ்சாலையில் ஓடும் இயந்திரத்தின் முன்பும், பவுண்டரியில் உருகிய இரும்பின் அருகிலும், பிரஸ்ஸில் தகட்டை வைத்து எடுக்கும் இடத்திலும், லாரியின் ஓட்டுநர் இருக்கையிலும் ஒரு கணக் கவனக்குறைவு ஒரு விரலையோ ஓர் உயிரையோ பறித்துவிடும். எனவே இது இரக்கம் மட்டும் சார்ந்த பொருளன்று, பாதுகாப்பும் சார்ந்தது.

துக்கம் ஐந்து படிகளில் இறங்கித் தீர்ந்துவிடும் என்று ஒரு கருத்துப் பரவலாக இருக்கிறது. எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மருத்துவர் 1969இல் எழுதிய நூலிலிருந்து பரவிய கருத்து அது. அவர் அதை முதலில் எழுதியது மரணத் தறுவாயில் இருந்த நோயாளிகளைக் கண்டு பேசிய அனுபவத்தைக் கொண்டு; இழந்தவர்கள் அனைவரும் அந்த வரிசையிலேயே செல்வார்கள் என்று கொள்வதற்கில்லை. 1999இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்களான மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் ஆகிய இருவரும் வேறொரு விளக்கம் தந்தனர். துக்கத்தில் இருப்பவர் சில நேரம் இழப்பின் பக்கமும், சில நேரம் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிச் சென்று வருகிறார் என்பது அவர்கள் கருத்து. காலையில் சிரித்துப் பேசிய பையன் மாலையில் கிடங்கின் மூலையில் அழுதுகொண்டிருந்தால் அதில் நடிப்பு ஏதும் இல்லை. சிலருக்கு வேலையே ஆறுதல். அவர்களை வீட்டுக்குப் போ என்று விரட்டுவதும் தவறு. சிலருக்கு நாட்கள் தேவை. எது வேண்டும் என்று அவரையே கேட்பதுதான் முறை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் தனியார் துறை ஊழியர் அனைவருக்கும் பொருந்தும்படி ‘இறப்பு விடுப்பு’ என்ற பெயரில் ஒரு சட்ட உரிமை இல்லை. ஆனால் கடைக்காரர்கள் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்படி, ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு அடுத்த ஆண்டில் 12 நாட்கள் ஊதியத்துடன் விடுமுறை உண்டு. அதற்கும் மேலாக, நோய்வாய்ப்பட்டால் ஆண்டுக்கு 12 நாட்கள், தக்க காரணம் எதற்காயினும் 12 நாட்கள் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. தாயின் மரணத்தை விடத் தக்க காரணம் வேறு எது? ஆகவே நம் கடையில் நிற்கும் பையனுக்கு ஜனாஸா நாளில் சம்பளம் பிடிக்காமல் இருப்பதைத் தர்மம் என்று எண்ண வேண்டாம். அது அவனுக்கு உரியது.

கருச்சிதைவுக்கு உள்ளான பெண் ஊழியருக்கு ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு என்பதை 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே வழங்கியது. இன்றைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. பிறந்தவுடன் குழந்தை இறந்துபோனாலோ, இறந்தே பிறந்தாலோ, மத்திய அரசின் பெண் ஊழியருக்கு 60 நாட்கள் சிறப்பு விடுப்பு என்று 2022இல் ஆணை வெளியிடப்பட்டது. ஆயினும் நம் சகோதரிகள் பலர் இவற்றை அறியாமல், காய்ச்சல் என்று சொல்லி இரண்டு நாள் விடுப்பெடுத்துவிட்டு மூன்றாம் நாள் செக்கிங் மேசைக்குத் திரும்புகின்றனர். வெளியே சொல்லாத துக்கமும் துக்கமே.

வெளிநாடுகளைப் பார்ப்போம். நம் மக்கள் நிறையப் பேர் பணிபுரியும் ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், கணவனோ மனைவியோ இறந்தால் 5 நாட்களும், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், பாட்டன் பாட்டி, பேரப்பிள்ளைகள் இறந்தால் 3 நாட்களும் ஊதியத்துடன் விடுப்பு அளிக்கிறது. சவூதி அரேபியாவில், கணவனை இழந்த முஸ்லிம் பெண் ஊழியருக்கு இத்தா காலமான நான்கு மாதம் பத்து நாட்களுக்குக் குறையாமல் முழு ஊதியத்துடன் விடுப்பு உண்டு. பிரிட்டனில் 18 வயது நிறையாத பிள்ளையை இழந்த பெற்றோருக்கு இரண்டு வார விடுப்பு 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

2021இன் பாடம்

சகோதரர்களே! 2021 மே மாதத்தை நாம் மறக்க இயலாது. நாள்தோறும் பதிவான புதிய தொற்றுகளில் கோவை மாவட்டம் சென்னையையும் மிஞ்சிய நாட்கள் அவை. முகத்தைக் கூடக் காண இயலாமல் அடக்கம் செய்தோம். துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை, வரவும் இயலவில்லை. கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் ஆலைகளும் கடைகளும் திறந்தன. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு உள்ளே சென்றவர்களில் யார் யாரை இழந்தார்கள் என்பது எத்தனை முதலாளிகளுக்குத் தெரிந்தது?

அதே மே மாதத்தில் டாட்டா ஸ்டீல் நிறுவனம் ஓர் அறிவிப்பைச் செய்தது. கோவிட் நோயால் இறந்த தம் ஊழியரின் குடும்பத்துக்கு, அந்த ஊழியர் உயிருடன் இருந்திருந்தால் 60 வயதை எட்டும் நாள் வரையில், கடைசியாகப் பெற்ற சம்பளத்தைத் தொடர்ந்து வழங்குவதாக அறிவித்தது. நம்மில் யாரும் டாட்டா அல்லர். நான்கு பேர் வேலை செய்யும் பட்டறையில் அவ்வாறு செய்ய இயலாது. ஆனால் நாலு பேர் உள்ள பட்டறையில் முதலாளிக்கு ஒவ்வொருவர் வீடும் தெரியும், பிள்ளைகள் பெயரும் தெரியும். பெரிய நிறுவனத்துக்குக் கிட்டாத வாய்ப்பு அது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, செய்தி வந்த நேரம். துக்கச் செய்தி வந்த தொழிலாளியைத் தனியே அனுப்பாதீர்கள். அவர் இருசக்கர வாகனத்தை எடுக்க விடாமல் ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள். கையில் வழிச்செலவுக்குப் பணம் கொடுங்கள். வாரக்கூலி பெறுபவராயின் சனிக்கிழமை வரை காத்திருக்கச் செய்யாமல் அதுவரைக்கும் சேர்ந்த கூலியை அப்போதே கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, விடுப்பு. பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் இறந்தால் ஐந்து நாட்களும், உடன்பிறந்தோர், பாட்டன் பாட்டி, மாமனார், மாமியார் இறந்தால் மூன்று நாட்களும் ஊதியத்துடன் விடுப்பு என்று ஒவ்வொரு கடையிலும் எழுதி வையுங்கள். எழுதி வைத்தால் தொழிலாளி கெஞ்ச வேண்டியதில்லை. முதலாளி ஆளுக்கு ஒரு நீதி செய்தார் என்ற பேச்சும் எழாது. நாட்கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து நாட்களுக்கு 3,500 ரூபாய். ஒரு குடும்பத்தின் நினைவில் அது எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்குக் கடந்த மாதச் சராசரியைக் கணக்கிட்டுக் கொடுக்கலாம்.

மூன்றாவது, தொலைதூரத்துத் தொழிலாளர்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து கொங்கு நாட்டின் ஆலைகளை இயக்குகிற பிள்ளைகள் நம் பள்ளிவாசல்களிலும் தொழுகிறார்கள். ஊருக்குப் போய்ச் சேர ரயிலில் ஏறக்குறைய இரண்டு நாள், சிலருக்கு அதற்கும் மேல். மூன்று நாள் விடுப்பு என்றால் அது போகும் வழியிலேயே தீர்ந்துவிடும். பயண நாட்களைத் தனியே கொடுங்கள். போக வழியில்லாதவன் தன் தந்தையின் ஜனாஸாவை அலைபேசியின் திரையில் பார்த்துவிட்டு அன்றிரவே ஷிப்டுக்கு வருகிறான். அவனுக்காக நம் பள்ளிவாசலில் ஒரு துஆ செய்வதற்கும், இரண்டு வேளை அவன் அறைக்குச் சாப்பாடு அனுப்புவதற்கும் என்ன தடை? அவன் வீடு பத்தடிக்குப் பத்தடி அறை என்பதால் அது மவ்த்து வீடு இல்லையா?

நான்காவது, மாற்றுச் சமயத்தார். நம் கடைகளில் இந்துச் சகோதரர்கள் பலர் பணிபுரிகின்றனர். அவர்களுக்குப் பதினாறாம் நாள் காரியமும், ஆண்டு திதியும் முக்கியமானவை. அந்த நாட்களைக் கேட்டுக் குறித்துவைத்து நாமாகவே விடுப்புக் கொடுப்போம். அதுபோல நமக்கு அடக்கம் அன்றைக்கே நடைபெறும் என்பதால், ‘நாளைக்குப் போய்க்கொள்’ என்று சொல்வது பயனற்றது என்பதை நம் மக்களுக்கு வேலை கொடுக்கும் பிற சமய உரிமையாளர்களிடம் அன்போடு எடுத்துச் சொல்வோம். துக்க வீட்டில் சமயம் பார்க்காமல் நிற்பது கொங்கு மண்ணின் பழக்கம். அது தொழிற்கூடத்திலும் தொடரட்டும்.

ஐந்தாவது, திரும்பி வரும் நாள். அன்றைக்கு முதலாளியோ மேஸ்திரியோ முதல் ஆளாக அவரிடம் சென்று பேச வேண்டும். நீண்ட உபதேசம் வேண்டாம். ‘செய்தி கேட்டு மிகவும் வருந்தினோம்; இன்றைக்கு எப்படி இருக்கிறாய்?’ என்ற அளவு போதும். ‘வயதாகிவிட்டது, போய்ச் சேர்ந்தார்’ என்றும், ‘இன்னொரு பிள்ளை பிறக்கும்’ என்றும் சொல்லாதீர்கள். ஸப்ருச் செய் என்று கட்டளையிடாதீர்கள். பொறுமை உள்ளத்தில் ஊறுவது, பிறர் ஏவி வருவதன்று. தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்களே கண்ணீர் வடித்தார்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு அபாயமான இயந்திரத்திலிருந்தும், இரவு வண்டியிலிருந்தும், பணம் எண்ணும் இடத்திலிருந்தும் அவரை மாற்றி வையுங்கள். அதற்காகக் கூலியைக் குறைக்காதீர்கள்.

ஆறாவது, அலைச்சல். ஒரு மரணத்துக்குப் பின் எத்தனை அலுவலகங்கள்! இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம், சேமிப்புக்கு வங்கி, ஓய்வூதியத்துக்கு வருங்கால வைப்பு நிதி அலுவலகம் என்று மாதக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் முதன்முதலாக 1955இல் தொடங்கப்பட்டது நம் கோவையில்தான். காப்பீடு பெற்ற தொழிலாளி இறந்தால் ஈமச்சடங்குச் செலவுக்கு அத்திட்டம் வழங்கும் தொகை 2019இல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உரிய காலத்தில் கேட்காததால் இதைப் பெறாமல் விடும் குடும்பங்கள் உண்டு. இந்த வேலைகளுக்காக இரண்டு மணி நேர அனுமதி கேட்டு வரும் ஊழியரிடம் முகம் சுளிக்காதீர்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த நம் இளைஞர்கள் வாரம் ஒரு மாலை ஜமாஅத் அலுவலகத்தில் அமர்ந்தால் அவர்களுடைய பாதி அலைச்சல் குறையும்.

ஏழாவது, இத்தாவில் இருக்கும் சகோதரிகள். ஆசிரியையாக, செவிலியாக, தையல் தொழிலாளியாக உழைக்கும் பெண் கணவனை இழந்தால் நான்கு மாதம் பத்து நாட்கள் அவளுக்கு முன் நிற்கின்றன. கருவுற்றிருந்தால் பிரசவம் வரையில். பிழைப்புக்காகப் பகலில் வெளியே செல்ல வேண்டிய நிலையைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் பேசியிருக்கின்றன. அதை ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். நாம் செய்ய வேண்டியது, அவள் திரும்பும் வரை அவளுடைய வேலையைக் காத்து வைப்பது. நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும் இதில் முன்மாதிரியாக இருக்க வேண்டும்.

எட்டாவது, நீளும் துக்கம். முதல் ரமலான், முதல் பெருநாள், இறந்த நாள் திரும்பி வரும் வாரம் ஆகியவை கடினமானவை. ஆறு மாதங்களுக்கு மேலாகியும் உறங்காமல், உண்ணாமல், வாழ்க்கையில் பிடிப்பின்றி ஒருவர் தவித்தால் அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலையாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் ‘நீடித்த துக்கம்’ இடம்பெற்றுள்ளது. மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை ஒவ்வொரு பட்டறையிலும் சுவரில் எழுதி வையுங்கள்.

ஜமாஅத்தும் ஒரு முதலாளியே

பெரியோர்களே! இதுவரை கடைக்காரர்களிடம் பேசினேன். இனி நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். ஜமாஅத்தும் வேலை கொடுக்கும் நிறுவனம்தான். நமக்கு ஹஜ்ரத் இருக்கிறார், மோதினார் இருக்கிறார், மக்தப் மதரஸாவின் உஸ்தாதுகள் இருக்கிறார்கள், குழி வெட்டுபவரும் மையித்தைக் குளிப்பாட்டுபவரும் இருக்கிறார்கள். ஊரில் யார் இறந்தாலும் முதலில் வந்து நிற்பவர்கள் இவர்கள். இவர்களுடைய தாய் எங்கோ ஒரு கிராமத்தில் இறந்தால் நாம் என்ன செய்கிறோம்? அடுத்த வக்துக்கு யார் பாங்கு சொல்வது என்ற கேள்வியை முதலில் அவரிடமே கேட்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. பதிலாளைத் தேடும் பொறுப்பு துக்கத்தில் இருப்பவர் தலையில் விழக் கூடாது. அது நிர்வாகத்தின் பொறுப்பு.

தமிழ்நாட்டில் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் 2009இல் அமைக்கப்பட்டது. நம் பணியாளர்கள் அனைவரும் அதில் பதிவு செய்திருக்கிறார்களா என்பதை நிர்வாகம் பார்க்க வேண்டும். அதற்கும் மேலாக, நம் ஜமாஅத்தே ஒரு தீர்மானம் இயற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளிவாசல், மதரஸா, மையவாடி ஆகியவற்றின் பணியாளர் அனைவருக்கும் நெருங்கிய உறவினர் இறந்தால் ஐந்து நாட்கள் ஊதியத்துடன் விடுப்பு, பயண நாட்கள் தனி, வழிச்செலவு ஜமாஅத் நிதியிலிருந்து, பதிலாள் ஏற்பாடு செயலாளர் பொறுப்பு. இவ்வளவுதான் தீர்மானம். இதை நாம் முதலில் செய்துவிட்டால், பின்னர் ஒவ்வொரு கடைக்காரரிடமும் சென்று கேட்கும் தகுதி நமக்கு வந்துவிடும்.

தஃஜியாவுக்காக வீட்டுக்கு மூவர் குழுவாகச் செல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதே குழு, நான்காம் நாளிலோ அதற்கடுத்த வாரத்திலோ, அவர் வேலை செய்யும் இடத்துக்கும் ஒருமுறை சென்று முதலாளிக்கு ஸலாமோ வணக்கமோ கூறி, ‘எங்கள் ஜமாஅத்துப் பிள்ளை துக்கத்தில் இருக்கிறான், சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். பத்து நிமிட வேலை. தன்னைக் கேட்க ஆள் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை அறிவான், முதலாளியும் அறிவார்.

தீர்மானத்தின் வாசகத்தை எழுதிச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். இன்றைய கூட்டத்திலேயே அதை விவாதித்து, குறைகளைத் திருத்தி, நிறைவேற்றித் தருமாறு பணிவோடு வேண்டுகிறேன். நம்மை விட்டுப் பிரிந்தவர்களின் பிழைகளை இறைவன் பொறுத்தருள்வானாக. அவர்களை இழந்து வாடும் உள்ளங்களுக்கு ஆறுதலையும், அவர்களைத் தாங்கி நிற்கும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.